ஒப்புதல் வாக்குமூலத்தின் மீது கட்டிய படம்: 'செக்டர் 36' தரும் ஏமாற்றம்

'செக்டர் 36' என்னும் இந்தித் திரைப்படத்தை நேற்றிரவு வீட்டில் பார்த்து முடித்தேன். ஆதித்ய நிம்பால்கர் இயக்கிய முதற்படம். 2024 செப்டம்பர் 13 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானது. விக்ராந்த் மாஸி, தீபக் தோப்ரியால் ஆகிய இரு தேர்ந்த நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். உண்மை நிகழ்வுகளால் உந்தப்பட்ட கதை என்று விளம்பரப்படுத்தப்பட்டது. குற்றப் புனைவுகளை விரும்பிப் பார்க்கும் பழக்கமும், நீதிமன்ற ஆவணங்களைப் படிக்கும் ஆய்வுக் கட்டாயமும் ஒருசேர வாய்த்தவன் என்பதால் இப்படத்தை ஆவலோடுதான் தொடங்கினேன். முடித்தபோது எஞ்சியது ஏமாற்றம். அது வழக்கமான ஏமாற்றமாக இருந்திருந்தால் இவ்வளவு நீண்ட பதிவுக்குத் தேவை இருந்திராது. இப்பதிவில் கதையின் திருப்பங்கள் வெளிப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் படத்துக்கு உரியதைக் கொடுத்துவிடலாம். நடிப்பில் குறை சொல்ல இடமில்லை. செல்வந்தர் ஒருவரின் மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளன் பிரேம் சிங்காக வரும் விக்ராந்த் மாஸி, தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியில் தன்னை மறக்கும் எளிய மனிதனாகவும், குழந்தைகளைக் கொன்று உடலைத் துண்டாக்குபவனாகவும் ஒரே முகத்தோடு நடமாடுகிறார். காவல் ஆய்வாளர் பாண்டேயாக வரும் தீபக் தோப்ரியால், குடிசைப் பகுதிப் பிள்ளைகள் காணாமற்போவதைக் கண்டும் காணாதவராக இருந்து, தம் சொந்த மகளுக்கே ஆபத்து நேர்ந்தபின் விழித்துக்கொள்ளும் மனிதரை நம்பத்தக்க விதத்தில் உருவாக்கியிருக்கிறார். ஒளிப்பதிவு நேர்த்தியானது. வன்முறைக் காட்சிகள் வயிற்றைப் புரட்டினாலும் அவற்றுக்குக் கதையில் இடமுண்டு என்று வாதிடலாம்.

குற்றப் படமாக மட்டும் எடைபோட்டால் கூட, கட்டுமானத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கொலையாளி யார் என்பதைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. அதில் தவறில்லை. யார் செய்தது என்ற கேள்வியைக் கைவிட்டு, எப்படிப் பிடிபடுவான் என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு நடக்கும் நல்ல படங்கள் பல உண்டு. ஆனால் இங்கே அந்த இரண்டாம் கேள்விக்கும் விடையாகப் புலனாய்வு எதுவும் நடைபெறுவதில்லை. தடயங்களைக் கோத்துச் செல்லும் உழைப்பு இல்லை. சான்றுகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கும் ஐயம் இல்லை. விசாரணை அறையில் ஆய்வாளருக்கு எதிரே அமர்ந்து, பிரேம் சிங் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். நீண்ட நேரம், சிறிதும் குற்றவுணர்வின்றி, ஏறக்குறைய மகிழ்ச்சியோடு சொல்கிறான். படத்தின் நடுத்தூண் அந்தக் காட்சிதான். அதை நீக்கிவிட்டால் படம் நிற்காது.

என் ஏமாற்றம் தொடங்கும் இடமும் அந்தத் தூண்தான். அது எந்த மண்ணில் நடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பெயர்களும் இடமும் மாற்றப்பட்டிருந்தாலும் படத்தின் மூலம் எதுவென்பதில் யாருக்கும் ஐயம் எழாது. தில்லியை ஒட்டிய நொய்டாவின் 31ஆம் செக்டரில், நிதாரி கிராமத்தை அடுத்து, டி-5 என்ற எண்ணுள்ள வீடு ஒன்று இருக்கிறது. 2006 டிசம்பர் இறுதியில் அவ்வீட்டின் பின்புறத்திலும் அதை ஒட்டிய சாக்கடையிலும் மனித எலும்புகளும் மண்டையோடுகளும் கண்டெடுக்கப்பட்டன. அதற்கு முன்பே நிதாரியின் ஏழைக் குடும்பங்களிலிருந்து குழந்தைகளும் இளம்பெண்களும் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போய்க்கொண்டிருந்தனர். பிழைப்புத் தேடி வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய பெற்றோர்கள் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தனர். அவர்களுடைய புகார்களுக்கு யாரும் செவிசாய்க்கவில்லை. எலும்புகள் வெளிவந்த பின்னர்தான் நாடு அந்தக் கிராமத்தின் பெயரையே அறிந்தது. வீட்டின் உரிமையாளர் மொனிந்தர் சிங் பாந்தேரும், பணியாளர் சுரேந்தர் கோலியும் கைதாயினர். 2007 ஜனவரியில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பது பயன் தரும். 2009 பிப்ரவரியில் முதல் வழக்கில் காசியாபாத் சிறப்பு நீதிமன்றம் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவ்வழக்கில் உரிமையாளரை விடுவித்து, பணியாளரின் தண்டனையை மட்டும் உறுதிசெய்தது. 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2014 செப்டம்பரில் மீரட் சிறையில் கோலியைத் தூக்கிலிட ஏற்பாடுகள் நடந்தன. நள்ளிரவு கடந்து பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணையே அதை நிறுத்தியது. கருணை மனுவை முடிவுசெய்வதில் ஏற்பட்ட காலதாமதத்தைக் காரணமாகக் கொண்டு 2015 ஜனவரியில் அத்தண்டனை வாழ்நாள் சிறையாகக் குறைக்கப்பட்டது. இதற்கிடையே மற்ற வழக்குகளிலும் விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனைகளை அடுக்கிக்கொண்டே போயிற்று.

2023 அக்டோபர் 16 அன்று நிலைமை தலைகீழானது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 12 வழக்குகளில் கோலியையும், 2 வழக்குகளில் பாந்தேரையும் விடுதலை செய்தது. 2025 ஜூலையில் அதற்கெதிரான மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எஞ்சியிருந்த அந்த முதல் வழக்கிலும், சீராய்வு மனுவும் தோற்றபின் ஒருவருக்கு மிஞ்சும் கடைசி வழியான குறைதீர்ப்பு மனுவை ஏற்று, 2025 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பையே திரும்பப் பெற்று அவரை விடுவித்தது. ஒருமுறை தூக்குமேடையின் விளிம்புவரை கொண்டுசெல்லப்பட்ட மனிதர், ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பின் சிறையிலிருந்து வெளியே வந்தார்.

இரு நீதிமன்றங்களும் அடிப்படையாகக் கண்ட குறை எது? ஒப்புதல் வாக்குமூலம்தான். கைதான பின் ஏறத்தாழ 60 நாள்கள் தொடர்ந்து காவலர்களின் பிடியில் இருந்த மனிதர், முறையான சட்ட உதவி இன்றி, நீதித்துறை நடுவர் முன் அளித்த வாக்குமூலம் அது. தாம் சித்திரவதை செய்யப்பட்டதாகவும், சொல்லிக்கொடுக்கப்பட்டதையே சொல்வதாகவும் அதே வாக்குமூலத்தில் அவர் கூறியிருக்கிறார். அவ்வளவு நீண்ட காவலின்போது நீதிமன்ற உத்தரவின் பேரில் உரிய நேரத்தில் மருத்துவப் பரிசோதனையும் நடைபெறவில்லை. எலும்புகளைக் காட்டிக்கொடுத்தவர் அவரே என்னும் வாதமும் நிலைக்கவில்லை. அவர் சொன்னது அப்போதே முறையாக எழுதிப் பதிவு செய்யப்படவில்லை. தோண்டத் தொடங்குமுன் அவ்விடம் பாதுகாக்கப்படவும் இல்லை. ஒரே வீட்டுக்குள் அத்தனை பேர் கொன்று துண்டாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பின்னும், அதற்கு ஈடுகொடுக்கும் குருதித் தடயங்கள் தடயவியல் சோதனையில் அவ்வீட்டினுள் கிடைக்கவில்லை. உறுப்பு வணிகம் நடந்திருக்கலாம் என்று அரசே அமைத்த குழு சுட்டிக்காட்டிய கோணம் உரியவாறு ஆராயப்படவில்லை. வீட்டின் ஏழைப் பணியாளரை அரக்கனாகச் சித்திரித்து வழக்கை முடித்துக்கொள்ளும் எளிய வழியைப் புலனாய்வு அமைப்பு தேர்ந்துகொண்டது என்ற பொருள்பட உயர் நீதிமன்றம் எழுதியது.

விடுதலை என்பது ஒருவர் குற்றமற்றவர் என்று வானத்திலிருந்து வந்த அறிவிப்பு ஆகிவிடாது. ஐயம் எவ்வளவு வலியதாயினும் அது சான்றின் இடத்தைப் பிடிக்க முடியாது என்பதே நீதிமன்றம் சொன்னது. எனவே நிதாரியில் குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை சட்டத்தின் முன் விடையில்லை. அந்த விடையின்மைதான் நிதாரியின் ஆகப்பெரிய கொடூரம். எலும்புகள் உண்மை. தாய்மார்கள் அடையாளம் காட்டிய துணிகளும் செருப்புகளும் உண்மை. கொன்றவர் யார் என்பது மட்டும் கைநழுவிப் போயிற்று.

இப்போது நாள்களைச் சேர்த்துப் பாருங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2023 அக்டோபரில். படம் வெளியானது 2024 செப்டம்பரில். இடையே 11 மாதங்கள். அந்தத் தீர்ப்பு படத்தின் கதையைத் தொடவே இல்லை. எந்த வாக்குமூலத்தை நம்ப முடியாது என்று உயர் நீதிமன்றம் விரிவாக எழுதியதோ, அதையே படம் தன் உச்சக்காட்சியாக அரங்கேற்றுகிறது. சித்திரவதை இல்லை, 60 நாள் காவல் இல்லை, சொல்லிக்கொடுப்பவர் இல்லை. கேட்டதும் கொட்டும் ஓர் அரக்கன் மட்டுமே அங்கே இருக்கிறான்.

இதில் சட்டம் சார்ந்த நகைமுரண் ஒன்றும் உண்டு. காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. காலனிய ஆட்சியாளர்களுக்கே தங்கள் காவலர்கள் வாக்குமூலங்களை எப்படிப் பெறுவார்கள் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் தன் 23ஆம் பிரிவில் இவ்விதியை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. ஆக, படத்தில் ஆய்வாளர் பாண்டேயின் முன் பிரேம் சிங் பேசும் அந்த நெடிய பேச்சு, நீதிமன்றத்தில் வாக்குமூலமாக மதிப்பற்றது. 150 ஆண்டுகளாகச் சட்டம் ஐயத்தோடு நோக்கிய ஒன்றைத்தான் நம் குற்றப் படங்கள் உண்மை வெளிப்படும் புனிதத் தருணமாகக் காட்டி வருகின்றன.

'இது புனைவுதானே, ஆவணப்படம் அன்றே' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கலைஞனுக்குக் கற்பனை உரிமை உண்டு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உண்மை நிகழ்வின் பெயரால் பார்வையாளரை அழைத்துவிட்டு, பொறுப்பு என்று வரும்போது மட்டும் புனைவின் திரைக்குப்பின் மறைந்துகொள்வது முறையாகாது. பார்வையாளர் இப்படத்தின் முன் அமர்ந்ததே நிதாரி என்ற சொல் தந்த அதிர்ச்சியால்தான். அந்த அதிர்ச்சியைக் கடனாகப் பெற்ற படம் அதற்குரிய உண்மையைத் திருப்பிச் செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறது. கற்பனை உரிமையைப் பயன்படுத்த வேறு வழிகளும் இருந்தன. பணியாளன் குற்றவாளியா அல்லவா என்பதையே இறுதிவரை ஐயத்தில் வைத்திருக்கலாம். குற்றப் படத்துக்கு ஐயத்தைவிடச் சிறந்த எரிபொருள் வேறேது?

'படம் வர்க்க அநீதியைப் பேசுகிறதே' என்பது இரண்டாவது மறுப்பு. ஆம், பேசுகிறது. செல்வந்தர் வீட்டுக் குழந்தை கடத்தப்பட்டால் காவல்துறை முழுவதும் இரவோடிரவாக இறங்குவதையும், குடிசைக் குழந்தைகள் காணாமற்போனால் ஏட்டில்கூட ஏறாததையும் படம் அருகருகே வைத்துக் காட்டுகிறது. மேலதிகாரிகள் செல்வந்தர்களுக்குக் குடைபிடிப்பதையும் காட்டுகிறது. இவை படத்தின் நேர்மையான பகுதிகள். ஆயினும் அந்த விமரிசனத்தைப் படமே தன் கையால் அழித்துவிடுகிறது. காவல்துறை ஏழைகளை எப்படி நடத்துகிறது என்று கேட்கும் படம், அதே காவல்துறை ஓர் ஏழைப் பணியாளரிடமிருந்து எப்படி வாக்குமூலம் பெறும் என்று கேட்க மறந்துபோகிறது. புகார் கொடுக்கப்போகும் ஏழைக்கு ஒரு காவல்துறை, குற்றம் சாட்டப்படும் ஏழைக்கு வேறொரு காவல்துறை என்று இரண்டு இல்லை. முன்னவரை விரட்டியடித்த அதே நிலையம்தான் பின்னவரை அடைத்துவைக்கிறது.

மேலும், பாண்டேயின் மனமாற்றம் தம் மகள் தாக்கப்படுவதால் நிகழ்கிறது. நிறுவனம் செய்ய வேண்டிய கடமையைத் தனிமனிதரின் தந்தைப்பாசம் செய்துமுடிக்கிறது. உண்மையில் மாற்றம் வந்த வழி வேறு. காணாமற்போகும் ஒவ்வொரு குழந்தையின் வழக்கிலும் கடத்தல் என்ற அனுமானத்தோடு முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்த தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று அதே ஆண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வழக்கும் உத்தரப் பிரதேசத்தில் காணாமற்போன ஒரு சிறுமியைப் பற்றியதே. காவல் நிலையம் கதவடைத்தபோது ஒரு தந்தை உச்ச நீதிமன்றம்வரை சென்றார். ஒரு நல்ல ஆய்வாளரின் கண்ணீரைவிட அந்தத் தந்தையின் நடை எவ்வளவு பெரிய கதை!

வேறு விதமாகப் படம் எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு உலகத் திரையில் விடை இருக்கிறது. தென் கொரியாவின் ஹ்வாசாங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நிகழ்ந்த தொடர்கொலைகளை வைத்து போங் ஜூன்-ஹோ 2003இல் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்ற படத்தை எடுத்தார். அப்போது கொலையாளி யார் என்று தெரியாது. படமும் தெரிந்ததாக நடிக்கவில்லை. அறிவு வளர்ச்சி குன்றிய ஓர் இளைஞனை அடித்து, காட்டுக்கு இழுத்துச் சென்று, வாக்குமூலம் பயிற்றுவிக்கும் காவலர்களை அது கூசாமல் காட்டியது. விடை கிடைக்காத துப்பறிவாளர் பார்வையாளரை நேருக்கு நேர் நோக்குவதோடு படம் முடிகிறது. 2019இல் மரபணுச் சோதனையின் வழியே உண்மைக் கொலையாளி அடையாளம் காணப்பட்டபோது, அவ்வரிசைக் கொலைகளுள் ஒன்றுக்காக ஏற்கெனவே வேறொருவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிலிருந்தது மீண்டும் பேசுபொருளாயிற்று. காவலர்கள் தம்மை வதைத்து வாக்குமூலம் பெற்றதாக அவர் சொல்லி வந்தார். 2020 டிசம்பரில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. விடை தெரியாதபோது விடையைப் புனைந்துகொள்ள மறுத்த அப்படம், காலத்தின் சோதனையில் தேறியது.

தமிழில் நமக்கு 'விசாரணை' இருக்கிறது. மு. சந்திரகுமார் தாம் பட்ட பாட்டை எழுதிய 'லாக்கப்' என்ற நூலை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் எடுத்த படம். குண்டூரில் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளர்கள், தாம் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி அடிக்கப்படுகிறார்கள். அங்கே விசாரணை அறை உண்மை வெளிவரும் இடமாக இல்லை. பொய் உற்பத்தியாகும் பட்டறையாக இருக்கிறது. வழக்கை முடிக்க வேண்டிய நெருக்கடி, மொழி தெரியாத ஏழை உடல்கள், கேட்க யாருமில்லாத நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் வாக்குமூலம் தானே பிறக்கும் என்று அப்படம் நமக்குக் கற்பித்தது. அதைப் பார்த்த கண்களோடு 'செக்டர் 36' படத்தின் விசாரணை அறையை நம்புவது எளிதன்று.

இந்தித் திரையிலும் ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. நிதாரிக்குப் பின் ஒன்றரை ஆண்டு கழித்து, 2008 மே மாதத்தில், அதே நொய்டாவில் 13 வயது ஆருஷி கொல்லப்பட்டார். காவல்துறையின் முதல் ஐயம் வீட்டுப் பணியாளர் மீது விழுந்தது. அவர் கொலை செய்துவிட்டு ஓடிவிட்டார் என்று தேடத் தொடங்கினர். மறுநாள் அவருடைய உடல் அதே வீட்டின் மொட்டைமாடியில் கிடந்தது. கொலையுண்டவரையே கொலையாளியாகத் தேடியிருக்கிறார்கள். மேக்னா குல்சார் 2015இல் இவ்வழக்கைத் 'தல்வார்' என்ற பெயரில் படமாக்கியபோது, ஒன்றுக்கொன்று முரண்பட்ட கதைகளை அடுத்தடுத்து நிகழ்த்திக் காட்டினார். அப்படம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தனி விவாதம். இருந்தாலும் நடுத்தர வர்க்கப் பெற்றோர் குற்றம் சாட்டப்பட்டபோது நம் திரைக்கு ஐயப்படத் தெரிந்திருந்தது. பணியாளர் குற்றம் சாட்டப்பட்டபோது அந்த ஐயம் எங்கே போயிற்று? ஒருவருக்குப் பல கதைகளும் இன்னொருவருக்கு ஒரே கதையும் எந்த அளவுகோலால் பங்கிடப்படுகின்றன?

இக்கேள்வியை வீட்டுத் திரையின் முன் கேட்பதற்குத் தனிப்பொருள் உண்டு. இப்படம் திரையரங்கத்துக்காக வந்ததன்று. நகரத்து அடுக்ககங்களின் வரவேற்பறைகளில் பார்க்கப்படுவதற்காக வந்தது. அந்த வரவேற்பறைகளில் பலவற்றில், படம் ஓடும் நேரத்தில், யாரோ ஒரு பெண்மணி அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். யாரோ ஓர் இளைஞர் கீழே வாயிற்காவலில் நின்றிருப்பார். வீட்டுப் பணியாளர்களின் பெயர், ஊர், புகைப்படம் ஆகியவற்றைக் காவல் நிலையத்தில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்னும் அறிவிப்புகள் தில்லி, நொய்டா அடுக்ககங்களில் வழக்கமாகிவிட்டன. பணியமர்த்துபவரின் பின்னணியைப் பணியாளர் சரிபார்க்க எந்தப் படிவமும் இல்லை. இத்தகைய வீடுகளுக்குள் 'உண்மைக் கதை' என்ற முத்திரையோடு நுழையும் படம், ஏற்கெனவே அங்கிருக்கும் அச்சத்துக்கு முகமும் பெயரும் கொடுக்கிறது. அவனுக்கும் ஒரு கொடிய குழந்தைப் பருவம் இருந்தது என்று படம் தரும் விளக்கம் அந்த அச்சத்தைத் தணிப்பதில்லை. வறுமையில் வதைபட்டவன் ஒருநாள் உன் வீட்டுக்குள் வெடிப்பான் என்று அது மேலும் தூண்டிவிடுகிறது.

இணையத் திரைக்குத் தணிக்கை வேண்டும் என்று நான் கோரவில்லை. அது இருக்கும் நோயைவிடக் கொடிய மருந்து. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை யாரும் படம் எடுக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' அப்படிக் காத்திருந்தால் பிறந்தே இருக்காது. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்கும் துணிவு வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. கலைக்கு அது இழப்பன்று. நிதாரியின் முழுக்கதையும் அந்தத் தெரியாமைக்குள்தான் இருக்கிறது. எப்படி ஒரு புலனாய்வு முதல் நாளிலேயே இடத்தைப் பாழாக்குகிறது, எப்படி ஒரு வாக்குமூலம் மற்ற எல்லாக் கதவுகளையும் சாத்திவிடுகிறது, எப்படி 12 வழக்குகளில் ஏற்கப்படாத சான்று 13ஆவதில் ஒருவரைத் தூக்குமேடை வரை கொண்டுசெல்கிறது, எப்படி இறுதியில் பெற்றோரும் தோற்று, குற்றம் சாட்டப்பட்டவரும் தோற்று, அரசு மட்டும் யாருக்கும் விடை சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது என்று ஒரு படம் வந்திருந்தால், எந்த இரத்தக் காட்சியும் இன்றியே நம் உறக்கத்தைக் கெடுத்திருக்கும்.

இத்தீர்ப்புகளால் வெகுவாகக் காயப்பட்டவர்கள் நிதாரியின் பெற்றோர்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. 19 ஆண்டுகள் ஒரு பெயரைக் குற்றவாளியின் பெயர் என்று நம்பவைத்துவிட்டு, பிறகு அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டது அரசு. அவர்களுடைய சினம் பொருளற்றதன்று. ஆனால் அந்தச் சினம் சென்றுசேர வேண்டிய இடம் எது? பிழையான வாக்குமூலத்தால் பழியேற்ற ஒருவர் சிறையில் இருந்தால் உண்மைக் குற்றவாளி வெளியே இருக்கிறார் என்றுதான் பொருள். ஆகவே குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையைக் காப்பது பாதிக்கப்பட்டவருக்கு எதிரானதாகாது. பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பதற்கான முதல் நிபந்தனையே அதுதான். 2006இல் காவல்துறை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால், குற்றவாளி யாராயினும், வழக்கு நின்றிருக்கும்.

திரைக்கல்வி, சட்டம், சமூகவியல் துறைகளில் பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படத்தைத் தவிர்க்கும்படி சொல்லமாட்டேன். பாருங்கள். பார்த்தபின் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றத்தின் 2025 நவம்பர்த் தீர்ப்பையும் எடுத்துப் படியுங்கள். இரண்டும் யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணங்கள். விசாரணை அறைக் காட்சியையும் வாக்குமூலம் பற்றிய தீர்ப்புப் பகுதிகளையும் அருகருகே வைத்து ஒரு வகுப்பு நடத்தினால், ஒரு பருவத்தின் பாடம் அதற்குள் அடங்கும். படம் தந்த விறுவிறுப்பு எங்கிருந்து வந்தது, அதற்காக எதை நம்மிடமிருந்து மறைக்க வேண்டியிருந்தது என்பது அப்போது துலங்கும்.

அந்தத் தீர்ப்புகளில் பின்னணி இசை இல்லை, ஒளியமைப்பு இல்லை, நடிப்பு இல்லை. தேதிகளும், விடுபட்ட கையொப்பங்களும், எழுதப்படாத பதிவேடுகளும், கேட்கப்படாத கேள்விகளுமே இருக்கின்றன. ஆயினும் 'செக்டர் 36' படத்தைவிட அச்சமூட்டும் குற்றக் கதையை நான் அவற்றில்தான் படித்தேன். மாற்றுக் கருத்துடைய நண்பர்கள், குறிப்பாகப் படத்தை இருமுறை பார்த்தவர்கள், விரிவாக எழுதினால் மகிழ்வேன்.